ஹவ்வா இறங்குகிற பலகை

கொச்சி
4 செப்டம்பர் 2012

படகுத்துறையில் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற தாவூத் சராங்குக்கு ஹவ்வா எழுதுவது. ஸலாம்.

கடலைப் பார்ப்பதுபோல நின்றீர்கள். முப்பது வருஷம் கப்பலில் இருந்தபோது பார்க்காத எதை அன்றைக்கு அங்கே பார்த்தீர்களோ தெரியவில்லை. நாலு ஆண்கள் என்னை நாற்காலியோடு தூக்கிப் படகிலிருந்து கப்பலின் ஏணியில் ஏற்றினார்கள். நான் மூட்டை மாதிரி தொங்கிக்கொண்டு போனேன். நீங்கள் அதைப் பார்க்காததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

நேற்று போன் செய்தீர்களாம். என் தங்கை மகள் நசீமா நீட்டினாள், நான்தான் வாங்கவில்லை. கோபம் இல்லை. நாலு வார்த்தை பேசினால் இரைக்கிறது. அதைக் கேட்டு நீங்கள் அந்தப் பக்கம் ஊமையாகிவிடுவீர்கள். ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கவா போன்? காகிதத்தில் எனக்கு மூச்சு வாங்குவதில்லை. நடுவில் பேனாவை வைத்துவிட்டுத் தலையணையில் சாய்ந்தால் உங்களுக்குத் தெரியவா போகிறது? தவிர, நமக்குக் கடிதம்தானே பழக்கம். நீங்கள் கப்பலில் இருந்த காலமெல்லாம் நாம் சண்டையே போட்டதில்லை. ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது.

இங்கே டாக்டர் பீனா என்று ஓர் அம்மா பார்க்கிறார். இதயத்தைத் திரையில் படமாகக் காட்டினார். "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன். "அப்பவே இடது பக்கத்து வால்வு கெட்டிருக்கும்மா. அது சரியா மூடல. முன்னால போக வேண்டிய ரத்தம் பின்னால நுரையீரல் பக்கம் ஒழுகுது. அந்த அழுத்தத்துக்கு எதிரா இத்தனை வருஷம் தள்ளிக்கிட்டு இருந்தது உங்க வலது பக்கம். இப்ப அது களைச்சு விரிஞ்சு போச்சு. விரிஞ்சதால அதோட வால்வும் ஒழுகுது. காலும் வயிறும் வீங்குறது அதனாலதான்" என்றார்.

முதலில் மருந்தால் நீரை வடிப்பார்களாம். அப்புறம் வலது பக்கத்துக்கு எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். இருந்தால் ஆபரேஷன் செய்து இரண்டு வால்வையும் சரிசெய்வார்கள். இல்லாவிட்டால் ஆபரேஷன் கிடையாது. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் தண்ணீர்தான். உப்பு கூடாது. ஈரப்பலா மரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள் என் தங்கையிடம். அதுவாவது வயிறு முட்டக் குடிக்கட்டும்.

ஹவ்வா

*

மினிக்காய்
13 செப்டம்பர் 2012

ஹவ்வாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முகத்தைத் திருப்பினேன் என்கிறாய். "நீங்க வர வேணாம், கூட ஒரு பொண்ணு இருந்தா போதும்" என்று துறையில் ஊர் முன்னால் சொன்னது யார்? அதற்குப் பிறகும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க நான் என்ன கலங்கரை விளக்கமா?

எழுதத் தொடங்கிவிட்டேன், எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இது உன் அம்மா வழி வீடு. நம் தீவு வழக்கப்படி நான் இங்கே விருந்தாளி. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் வேலையை விட்டு வந்ததும் மாடியில் ஓர் அறை கட்டினேனே, அது நமக்கு என்று கட்டியது. ஜன்னலைத் திறந்தால் கடல் முழுக்கத் தெரியும். கட்டில் என் கையால் செய்தது. நீ ஒரு நாளாவது அங்கே வந்து படுத்தாயா? கேட்டால், "எனக்குக் கீழதான் பழக்கம்" என்றாய். இரண்டு வருஷம் நான் மேலே, நீ கீழே. கப்பலில் இருந்தபோதுகூட நீ இவ்வளவு தூரத்தில் இருந்ததில்லை. ஊரில் என் காதுபடவே சிரித்தார்கள்.

வால்வு விஷயம். நான் எஞ்சின் அறை ஆள் இல்லை, தளத்து ஆட்களை மேய்த்த சராங்குதான். ஆனாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குழாயில் வால்வு ஒழுகினால் பம்ப் வீணாகத் திணறும். வால்வை மாற்றினால் பம்புக்கு வேலை மிச்சம், அது பாட்டுக்கு ஓடும். அளப்பதற்கு என்ன இருக்கிறது? முதலில் வால்வை மாற்றச் சொல். டாக்டரிடம் நான் சொன்னதாகவே சொல்.

நம் பையன் யூனுஸ் பிரேசில் துறைமுகத்திலிருந்து பேசினான். அம்மா நலம் என்றேன். என்னால் வேறு என்ன சொல்ல முடியும்.

தாவூத்

*

கொச்சி
21 செப்டம்பர் 2012

சராங்கு அவர்களுக்கு,

நீங்கள் சொன்னதாகவே சொன்னேன். டாக்டர் பீனா வாய்விட்டுச் சிரித்தார். "உங்க வீட்டுக்காரர் சொல்றது இரும்புக்குச் சரி. இது சதை. ஒழுகுற வால்வு ஒரு விதத்துல வடிகால் மாதிரி, பாரத்தைக் கொஞ்சம் குறைக்குது. அதை அடைச்சுட்டா ரத்தம் முழுசும் முன்னாலதான் போயாகணும். அதைத் தள்ளத் தெம்பு வேணாமா? அதைத்தான் பார்க்கணும்னு சொல்றேன்" என்றார். ஆகவே நீங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், எஞ்சினை அந்த அம்மா பார்த்துக்கொள்வார்.

இனி மாடி. இதை நேரில் சொல்ல வாய் வரவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நீங்கள் தொழப் போன நேரத்தில் ஏறினேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடித்த அடியில் மார்புத் துணி அசைவது எனக்கே தெரிந்தது. விடாமல் ஏறினேன். அறையைப் பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது. கட்டிலில் இரண்டு தலையணை போட்டு ஒன்றில் நீங்கள் தலை வைக்கவே இல்லை, புதிதாகவே இருந்தது. ஆசையாகப் படுத்தேன். படுத்த மாத்திரத்தில் மூழ்குவதுபோல இருந்தது. எனக்கு அப்போதே மட்டமாகப் படுக்க முடியாது. கீழே என் ஊஞ்சல் கட்டிலில் சுவரோரம் தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடிதான் தூங்குவேன். நீங்கள் அதைப் பார்த்துவிடக் கூடாது என்று உங்களுக்கு முன்னால் எழுந்துவிடுவேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முப்பது வருஷம் கழித்து ஒரு மனுஷன் வீட்டுக்கு வருகிறான். காத்திருந்த பெண்டாட்டி வேண்டும் என்று வருகிறான். நோயாளியைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்தது எனக்குத் தெரியும். பரிதாபமாகப் பார்ப்பதற்கு அது எவ்வளவோ மேல் என்று இருந்துவிட்டேன். கூட வர வேண்டாம் என்றதும் அதற்காகத்தான்.

இரண்டு வருஷமும் மேலே நீங்கள் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தேன். இங்கே அந்தச் சத்தம் இல்லை.

ஹவ்வா

*

மினிக்காய்
1 அக்டோபர் 2012

என் ஹவ்வா,

கடிதத்தைத் துறையிலேயே பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. வலை உலர்த்துகிற இடத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கம் இல்லை.

நான் கட்டியது மாடியா, உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு மதிலா? கப்பலில் ஓர் ஆள் ஏணியில் தயங்கினால் என்ன ஏது என்று விசாரிப்பேன். என் வீட்டுப் படியில் நீ தயங்கினது எனக்குத் தெரியவில்லை. நான் அடுத்த கப்பலில் வருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே. ஆனால் அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை, பழுதுபார்க்கப் போயிருக்கிறதாம். இந்தக் கடிதத்தைச் சரக்குப் படகில் கொடுத்தனுப்புகிறேன். அதில் ஆள் ஏற்ற மாட்டார்கள், கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

கடிதம் வருமா என்று தினமும் துறைக்குப் போகிறேன். பெண்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "என்ன சராங்கு, யாரைத் தேடுறீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். பெண்டாட்டியை என்றேன். "இந்தத் தீவுல நாங்கதான் ஆம்பளைங்களுக்குக் காத்துக் கெடப்போம். பெண்டாட்டிக்குக் காத்து நிக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்குறோம். நல்லா நில்லுங்க, மத்த ஆம்பளைங்களுக்கும் சேர்த்து நில்லுங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. நீ எப்படி இதை முப்பது வருஷம் செய்தாய்? எனக்கு ஒரு மாதத்துக்கே பைத்தியம் பிடித்துவிடும்போல இருக்கிறது.

என் அக்கா ஜமீலா வந்தாள். "பெண்டாட்டி இல்லாத வீட்டுல உனக்கென்னடா வேலை? உன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வா. அவ திரும்பி வந்தா மறுபடி போயேன்" என்றாள். வழக்கம் அதுதான், எனக்கும் தெரியும். "பெட்டி இந்த வீட்டை விட்டுப் போனா அவ வர மாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்க்கா. பெட்டி இங்கதான் இருக்கும்" என்றேன். உன் தங்கை ஸல்மா அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு எனக்கு இரண்டு மீன் அதிகம் வைத்தாள்.

இத்தோடு ஒரு குடுவை ரிஹாக்குரு அனுப்புகிறேன். ஸல்மா காய்ச்சியது. ஆஸ்பத்திரிச் சோறு உப்புச் சப்பில்லாமல் இருக்கும். நோயில் கிடப்பவர்களுக்கு நம் ஊரில் வேறு எதைக் கொடுக்கிறோம்? சூடான சோற்றில் ஒரு விரல் தடவிச் சாப்பிடு.

தாவூத்

*

கொச்சி
13 அக்டோபர் 2012

என் சராங்கு,

உங்கள் குடுவை என்னை வசமாக மாட்டிவிட்டது. கோபப்படாமல் படியுங்கள்.

கால் வற்றி எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. திங்கட்கிழமை அளந்து பார்ப்பதாக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வீங்கிவிட்டது, வயிறும் சேர்த்து. கழுத்து நரம்பு துள்ளுகிறது. டாக்டர் பீனா வந்து நின்றார்.

"ஊறுகாய் சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"அப்பளம்? கருவாடு?"

"சத்தியமா இல்ல டாக்டர்."

மனதறிந்து பொய்ச் சத்தியம் செய்யவில்லை. நாம் என்றைக்காவது ரிஹாக்குருவை உப்பு என்று நினைத்திருக்கிறோமா? அது மீன் வெந்த தண்ணீர். மாசிக் கருவாட்டுக்கு மீனை அவித்து எடுத்த பிறகு மிஞ்சுவதைக் களிம்பாக வற்றுகிற வரை காய்ச்சுகிறோம். அவிக்கும்போது போட்ட உப்பு முழுக்க அதிலேயே தங்கிவிடும் என்று ஒருத்திக்காவது தோன்றியதா? நசீமாதான் கட்டிலுக்கு அடியிலிருந்து குடுவையை எடுத்துக் காட்டினாள், காட்டிக்கொடுத்தாள் என்றே சொல்லலாம். டாக்டர் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். "ஐயோ அம்மா, இது கடலையே வத்த வச்ச மாதிரி இருக்கே!" என்று தண்ணீர் கேட்டு ஓடினார். எனக்கு மூச்சே இல்லை, ஆனாலும் சிரித்தேன்.

பாதிக் குடுவை காலி. ஒரு விரல் என்று எழுதியிருந்தீர்கள், நான் என்றைக்கு உங்கள் பேச்சைக் கேட்டேன்? அதைச் சாப்பிட்ட இரண்டு நாளும் வீட்டில் இருந்தேன். ஸல்மா விறகைத் தள்ளுவது, நீங்கள் மேலே செருமுவது எல்லாம் கேட்டது. அதற்காக உங்களைத் திட்ட மனம் வரவில்லை.

மறுபடி நீரை வடிக்கிறார்கள். அளப்பது தள்ளிப்போய்விட்டது. நீங்கள் வர வேண்டாம். இப்போது வேண்டாம் என்பது முன்பு சொன்ன வேண்டாம் இல்லை. வழியில் கப்பல் மாறிப்போய் நான் அங்கேயும் நீங்கள் இங்கேயும் நின்றால் என்ன செய்வது? இந்தத் தடவை நீங்கள் அங்கேயே இருக்க வேண்டும். நான் வந்து இறங்கும்போது கரையில் யாராவது நிற்க வேண்டும்.

ஹவ்வா

*

மினிக்காய்
22 அக்டோபர் 2012

ஹவ்வா,

நான் படிக்காத முட்டாள். என் கையால் உனக்கு உப்பைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

அடுக்களையில் இருந்த எல்லாக் குடுவையையும் ஸல்மாவிடம் சொல்லி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். "மச்சானுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்கிறாள். இன்றிலிருந்து நானும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன். மண்ணைத் தின்பதுபோல இருக்கிறது. நீ இதை எத்தனை வாரமாகத் தின்கிறாய் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அளந்ததும் உடனே எழுது. எதுவாக இருந்தாலும் அப்படியே எழுது. என்னால் தாங்க முடியுமா என்று நீ யோசிக்காதே.

தாவூத்

*

கொச்சி
4 நவம்பர் 2012

என் தாவூத்,

பெயர் சொல்லி எழுதுகிறேன். அப்படியே எழுதச் சொன்னீர்கள் அல்லவா?

பெருநாள் கழிந்து இரண்டு நாளில் அளந்தார்கள். கழுத்து நரம்பு வழியாக மெல்லிய குழாய் விட்டு உள்ளே அழுத்தம் பார்த்தார்கள். மறுபடி படமும் எடுத்தார்கள். நீரெல்லாம் வடிந்த பிறகும் வலது பக்கம் எழுந்து நிற்கவில்லை. டாக்டர் பீனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"வால்வைத் தைக்க என்னால முடியும்மா. தைச்ச பிறகு அந்த வலது பக்கம் தாங்காது. நீங்க மேசையை விட்டு எழுந்திருக்க மாட்டீங்க. அந்த ஆபரேஷனை நான் உங்களுக்குச் செய்ய மாட்டேன்" என்றார். வேறு இதயம் வைப்பதற்கும் நுரையீரலில் இருக்கிற அழுத்தம் இடம் கொடுக்காதாம்.

முதலில் நான் கேட்டது குடுவையைப் பற்றித்தான். உங்களுக்காகக் கேட்டேன். "அந்த மீன் களிம்பாலயா இப்படி ஆச்சு?" "இல்லவே இல்ல. அது மூணு வாரம் தள்ளிப் போட்டுச்சு, அவ்வளவுதான். இது பல வருஷமா நடந்தது" என்றார். நான் சமாதானத்துக்குச் சொல்லவில்லை. நசீமாவும் கேட்டாள், அவளிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் என்று கேட்டேன். சொல்லத் தெரியாது என்றார். மாத்திரையைத் தவறவிடாமல், தினமும் எடை பார்த்து, வீக்கம் கண்டால் உடனே நம் தீவு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டால் சில காலம் சுகமாக இருக்கலாம். கொச்சியிலேயே தங்கினால் இன்னும் கொஞ்சம் கூடலாம். தீவில் கடல் கொந்தளித்தால் யாரும் வந்து தூக்கிப்போக முடியாது அல்லவா? எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். யோசிக்கவே இல்லை. வீட்டுக்கு என்றேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. கப்பலிலிருந்து படகில் இறங்க வேண்டுமே. ஏணியில் என்னால் கால் வைக்க முடியாது. மறுபடி மூட்டை மாதிரி நாலு பேர் கையில் தொங்க வேண்டும், அதுவும் நீங்கள் பார்க்க. ஊர் பார்க்க. அதை நினைத்தால் இங்கேயே கிடந்துவிடலாம் என்று இருக்கிறது.

இன்னொன்று. ஜமீலா சொன்னது தப்பில்லை. இனிமேல் நான் சமைக்கப் போவதில்லை, மாடி ஏறப் போவதில்லை. ராத்திரியெல்லாம் இருமிக்கொண்டிருப்பேன். இதற்காக நீங்கள் இத்தனை வருஷம் கடலில் உழைக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனால் நான் வருத்தப்பட மாட்டேன். ஊர் ஒன்றும் சொல்லாது.

வருத்தப்பட மாட்டேன் என்று எழுதியது பொய். காகிதத்தில் பொய் சொல்லலாம் என்று நினைத்தேன், அதுவும் வரவில்லை.

ஹவ்வா

*

மினிக்காய்
12 நவம்பர் 2012

ஹவ்வா,

உன் கடிதத்தை ஒரு தடவைதான் படித்தேன். இன்னொரு தடவை என்னால் படிக்க முடியாது. ஆகவே எனக்கு ஞாபகம் இருக்கிறவற்றுக்கு மட்டும் பதில்.

பெட்டி எங்கேயும் போகாது. அதை உன் ஊஞ்சல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மாடிக் கட்டிலைக் கழற்றிக் கீழே கொண்டுவந்தேன். படியில் இறக்கும்போது சுவரெல்லாம் சுரண்டிவிட்டது, ஸல்மா ஏசினாள், அவளுக்கு நீ பதில் சொல்லிக்கொள். கட்டிலின் தலைப்பக்கத்தை அறுத்துச் சாய்வாக வைத்திருக்கிறேன். நீ சாய்ந்து படுக்கிற உயரம் எனக்குத் தெரியாது. ஸல்மாவைச் சுவரோரம் உட்காரவைத்துப் பார்த்தேன், "அக்கா இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து படுப்பா" என்றாள், திரும்பவும் அறுத்தேன். நீ வந்து படுத்த பிறகு மிச்சத்தைச் சரிசெய்யலாம். இரண்டு பேர் படுக்கலாம். நானும் சாய்ந்தே படுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். கழுத்து வலிக்கிறது.

மாடியைப் பற்றி நினைக்காதே. அங்கே ஸல்மா தேங்காய் உலர்த்துகிறாள்.

இனி இறங்குவது. இதில் நீ வாயைத் திறக்கக் கூடாது. எஞ்சின் எனக்குத் தெரியாது, டாக்டர் சொன்னது சரி. ஆனால் ஓர் ஆளைக் கப்பலின் பக்கவாட்டில் இறக்குவது என் வேலை. துருச் சுரண்டவும் சாயம் அடிக்கவும் ஒரு பலகையில் ஆளை உட்காரவைத்துக் கயிற்றில் இறக்குவோம். எத்தனையோ பேரை இறக்கியிருக்கிறேன், ஒருவன் விழுந்ததில்லை. உனக்கு அந்தப் பலகையை நான் செய்துவிட்டேன். முதுகுக்குச் சாய்வு உண்டு, இரண்டு பக்கமும் கை வைக்க இடம் உண்டு, இடுப்புக்குப் பட்டை உண்டு. பட்டையில் உன் பழைய சிவப்புத் துணியைச் சுற்றியிருக்கிறேன், உறுத்தாது. மணல் மூட்டையை உட்காரவைத்து நம் தென்னையிலிருந்து இறக்கிப் பார்த்தேன். அப்புறம் நானே உட்கார்ந்தேன். ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "சராங்கு வயசான காலத்துல ஊஞ்சலாடுறார்" என்றார்கள். ஆடட்டும் என்றேன்.

கப்பலின் மேற்பார்வை அதிகாரி ஒரு காலத்தில் என்னிடம் கயிறு முடியக் கற்றவன். அவனோடு பேசிவிட்டேன். பலகையையும் கயிற்றையும் இந்தக் கடிதத்தோடு கப்பலிலேயே அனுப்புகிறேன். மேலே கயிற்றை அவன் பிடிப்பான், கீழே படகில் நான் நிற்பேன். நீ மூட்டை இல்லை, ஹவ்வா. மூட்டையை வலையில் போட்டு இறக்குவோம். பலகை ஆட்களுக்கு.

அவர்கள் எல்லோரும் உன்னிடம் "கீழே பார்க்காதீங்க" என்று சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன், சொல்வது வழக்கம். பயந்தால் கண்ணை மூடிக்கொள். கடல் அமைதியாகிவிட்டது. வா.

தாவூத்

*

கப்பலில்
20 நவம்பர் 2012

தாவூத்,

இதை நசீமாவிடம் கொடுக்கிறேன். அவள் எனக்கு முன்னால் ஏணியில் இறங்கி உங்கள் கையில் கொடுப்பாள். நீங்கள் படிக்கும்போது நான் உங்களுக்கு நேர் மேலே பலகையில் உட்கார்ந்திருப்பேன். சிவப்புத் துணி நன்றாக இருக்கிறது. முடிச்சுகளை எல்லாம் தொட்டுப் பார்த்தேன்.

உங்கள் அதிகாரி நல்ல பையன். இடுப்புப் பட்டையைப் போட்டுக்கொண்டே, "கீழ மட்டும் பார்க்காதீங்கம்மா, தலை சுத்தும்" என்று இதோடு மூன்று தடவை சொல்லிவிட்டான்.

நான் கீழேதான் பார்ப்பேன். வேறு எங்கே பார்க்க? நீங்கள் அங்கேதானே நிற்கிறீர்கள்.

முகத்தைத் திருப்பாதீர்கள்.

ஹவ்வா